எட்டுச்செலவுக்கு வந்த போத்தல்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் டென்மார்க்கில் உள்ள தமிழரில் பாதிப்பேருக்கு ஆளைத் தெரிந்துவிடும். தெரிந்தவர்கள் ஒவ்வொருவரும் "சீச்சீ, அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை, எனக்குத் தெரியும்" என்று சண்டைக்கு வருவார்கள். ஏனென்றால் அவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு தரமாவது அவர் குரலைத் தாழ்த்தித் தனியாக ஏதோ சொல்லியிருப்பார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும். மண்டபத்தில் பிறந்தநாள் விழா நடக்கும். பாட்டு காதைப் பிளக்கும். இவர் மட்டும் சப்பாத்துகள் குவிந்து கிடக்கிற நடையில், ஜாக்கெற்றுகள் தொங்குகிற மூலையில், யாரோ ஒருவரின் முழங்கையைப் பிடித்தபடி நிற்பார். பெண்கள் என்றால் முழங்கை இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி தள்ளி நிற்பார். "உங்களுக்கு மட்டும்தான் சொல்லுறன் தங்கச்சி. ஒருத்தருக்கும் வாய் விட்டுடாதேங்கோ." சொல்வது பெரும்பாலும் ஒன்றுமில்லாத விஷயம். எந்தக் கடையில் வெள்ளிக்கிழமை பின்னேரம் இறால் மலியும், எந்தப் பல் வைத்தியர் நோகாமல் பிடுங்குவார், கார் ஓட்டச் சோதனையில் எந்தச் சந்தியில் வைத்து ஆட்களை விழுத்துவார்கள். ஆனாலும் கேட்டுவிட்டு மண்டபத்துக்குள் திரும்பி வரும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருக்கும். இத்தனை பேர் இருக்க என்னிடம் சொன்னாரே என்று.

நாங்கள் அப்போது இருந்த ஹேர்னிங்கில் ஒரு சரஸ்வதி பூசைக்கு எல்லாரும் ஆளுக்கொரு கறி சமைத்துக்கொண்டு போனோம். பூசை முடிந்து பாத்திரம் கழுவும்போது ஒருத்தி வாய் தவறிச் சொல்லிவிட்டாள், இந்த ஊரிலேயே கத்தரிக்காய்ப் பால்கறி வைக்கத் தெரிந்தவள் தான் ஒருத்திதான் என்று அண்ணை தன்னிடம் ரகசியமாகச் சொன்னார் என்று. பக்கத்தில் நின்றவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்கும் ஒரு ரகசியம் கிடைத்திருந்தது, அவளுடைய பருப்பைப் பற்றி. பார்த்தால் அங்கே நின்ற எல்லாரிடமும் ஒவ்வொன்று இருந்தது. என்னிடமும் இருந்தது. வயிறு நோகச் சிரித்துவிட்டு, நான்குபேராகப் போய் அவரைப் பிடித்துக் கேட்டோம். மனிதர் அசரவில்லை.

"எல்லாற்றை கறியும் நல்லாத்தானே இருந்தது" என்றார். "அதை எல்லாருக்கும் முன்னாலை வைச்சுச் சொன்னா ஆருக்கு ருசிக்கும்?"

அன்றைக்கு எனக்கு அது நல்ல பகிடியாக இருந்தது. வீட்டுக்கு வந்து என் கணவரிடமும் சொன்னேன். அவர் "ம்" என்றார்.

என் கணவர் கதைக்காத மனிதர். கோபமோ கவலையோ இல்லை. வாயைத் திறப்பது அவருக்கு ஒரு வேலை, அவ்வளவுதான். சாப்பாடு எப்படி என்று கேட்டால் "காணும்" என்பார். புதுச்சேலை கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றால் "வெளிக்கிடுவமே" என்பார். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, யன்னலைச் சாத்தச் சொன்னார். நான் சண்டைபிடிப்பேன், அழுவேன், சில நாட்களில் நானும் கதைக்காமல் இருந்து பார்ப்பேன். என் மௌனத்தை அவர் கவனிக்கவே இல்லை. அவருக்கு அது வசதியாகக்கூட இருந்திருக்கும்.

ஹேர்னிங்கில் கம்பளம் நெய்கிற தொழிற்சாலையில் என் கணவரும் இந்த ரகசியக்காரரும் பக்கத்துப் பக்கத்து இயந்திரத்தில் வேலை. இவர் கல்யாணம் கட்டாதவர். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவார். என் கணவர் தொலைக்காட்சியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருக்க, குசினி வாசலில் நின்று எனக்கு அந்தக் கிழமைச் செய்தி சொல்வார்.

"உங்கடை ஆள் செவ்வாய்க்கிழமை என்ன செய்தவர் தெரியுமோ? மெஷினுக்கை கையை விட்ட டேனிஷ்காரப் பெடியனை ஒரே இழுவையிலை வெளியாலை எடுத்தவர். செஃப் வந்து கையைக் குலுக்கினவர்."

வேலையிடத்தில் பெரியவரை இங்கே செஃப் என்பார்கள். செவ்வாய்க்கிழமை என் கணவர் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி கேட்டார், வேறொன்றும் சொல்லவில்லை. மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியில் நான் வைக்கிற முட்டைப் பொரியலை அவர் ஒருவருக்கும் கொடுக்கமாட்டார் என்பதும், மகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியதைத் தொழிற்சாலை முழுக்கச் சொல்லித் திரிந்தார் என்பதும் எனக்கு இவர் வழியாகத்தான் வந்தது. என் கணவரைப் பற்றி நான் அறிந்ததில் பாதி இவர் சொல்லி அறிந்தது. இதை இங்கேயே அழுத்திச் சொல்லிவைக்கிறேன். பிறகு ஒரு போத்தலுக்காக ஏன் இவ்வளவு கொதிக்கிறாய் என்று ஒருவரும் என்னைக் கேட்கக் கூடாது.

ஒரு பனிக்காலத்துக் காலை, காரின் மேலிருந்த பனியைச் சுரண்டப் போன என் கணவர் காருக்குப் பக்கத்திலேயே விழுந்துவிட்டார். மாரடைப்பு. அம்புலன்ஸ் வந்தது, அவர் திரும்பி வரவில்லை.

எங்கள் ஆட்களிடம் எட்டாம் நாள் எட்டுச்செலவு என்று ஒன்று உண்டு. செத்தவரின் படத்துக்கு முன்னால் அவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துப் படைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். அவர் வந்து சாப்பிடுவார் என்று நம்பிக்கை. குடிக்கிறவர் என்றால் போத்தலும் வைப்பார்கள், புகைக்கிறவர் என்றால் சிகரெட்டும். சமைக்க வந்த பெண்கள் என்னைக் கேட்டார்கள்: "அவருக்கு என்ன விருப்பம்?" நான் முழித்தேன். எல்லாவற்றுக்கும் காணும் என்று சொன்ன மனிதருக்கு எது பிடிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? கணவாய்க் கறி என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவளுக்குப் படையலுக்கு ஒரு கறி சொல்லத் தெரியவில்லையே என்ற வெட்கத்தில்தான் அன்றைக்கு நான் அதிகம் அழுதேன். பார்த்தவர்கள் பிரிவுத்துயர் என்று நினைத்திருப்பார்கள்.

அப்போதுதான் இவர் வந்தார். கையில் ஒரு சீலைத்துண்டால் சுற்றிய போத்தல். அவிழ்த்து, படையலின் ஓரத்தில் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். எங்கள் ஆண்கள் மரியாதை கொடுப்பது ஸ்கொட்ச் விஸ்கிக்குத்தான். இது வேறு, அமெரிக்காவில் சோளத்தில் வடிக்கிற பேர்பன் விஸ்கி. லேபல் மஞ்சள் பூத்திருந்தது. மூடியின் மேலாக இரண்டு பக்கமும் இறங்கி ஒட்டிய பச்சைக் கடதாசிப் பட்டியில், எந்த வருடத்து வசந்தகாலத்தில் வடித்தது, எந்த வருடத்து இலையுதிர்காலத்தில் போத்தலில் அடைத்தது என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. இரண்டும் நாங்கள் யாரும் இந்த நாட்டுக்கு வருவதற்கு முந்திய வருடங்கள். லேபலின் இடது மூலை கிழிந்திருந்தது. யாரோ ஒருவர் வழக்கப்படி திறந்து ஒரு கிளாஸ் ஊற்றி வைக்கப் போனார். இவர் தடுத்தார்.

"மூடியோடை இருக்கட்டும். இது திறக்கிற போத்தல் இல்லை."

கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் முன்னறையில் இருக்க, நான் குசினியில் நின்றேன். இவர் தண்ணீர் குடிக்க வந்தார். நான் கேட்டேன். கேட்டது நான்தான், அதை மறைக்கவில்லை. "அண்ணை, எங்கடை அவர் என்னைப் பற்றி எப்பவாவது ஒரு சொல்லு, ஏதும் சொன்னவரோ?"

அவர் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தார். குசினிக் கதவை மெல்லச் சாத்தினார்.

"உங்களுக்கு மட்டும்தான் சொல்லுறன் தங்கச்சி. இந்தப் போத்தல் எங்கடை செஃப் தந்தது. அவற்றை தமையன் கப்பலிலை குசினி வேலை. அமெரிக்காவிலை வாங்கிக்கொண்டு வந்து தம்பிக்குக் குடுத்தவர், பென்சன் எடுக்கிற அண்டைக்குத் திற எண்டு. செஃப் பென்சன் எடுக்கேக்கை டொக்டர் குடியை மறிச்சுப் போட்டார். எங்கள் ரெண்டு பேரையும் கூப்பிட்டுத் தந்திட்டார். நீங்கள் ரெண்டு பேரும் பென்சன் எடுக்கிற அண்டைக்குச் சேர்ந்து இருந்து திறவுங்கோ எண்டு. அப்ப உங்கடை ஆள் போத்தலைக் கையிலை வாங்கி உருட்டி உருட்டிப் பாத்தார். பாத்துப்போட்டுச் சொன்னார்: 'பென்சன் வரைக்கும் நான் இருந்தா அது என்ரை மனிசியாலைதான். அவள் இல்லாட்டி முதல் குளிரோடையே நான் முடிஞ்சிருப்பன்.'"

அதை ஒருதரம் திருப்பிச் சொல்லச் சொன்னேன், சொன்னார்.

"பாதி அவற்றை. பாதி என்ரை. தனிய நான் திறக்க மாட்டன். நீங்கள் இதை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, அவர் வெக்கப்பட்ட ஆள்."

அந்த வசனத்தை வைத்துக்கொண்டு நான் பிழைத்தேன் என்று சொன்னால் நாடகம் போலத் தெரியும். ஆனால் அதுதான் நடந்தது. மகளோடு ஒடென்சேக்கு மாறி வந்தேன். வயோதிபர் இல்லத்தில் வேலை எடுத்தேன். அந்த வயதில் டேனிஷ் வகுப்புக்குத் திரும்பப் போனேன். எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போகும்போதெல்லாம் உள்ளே அதைச் சொல்லிக்கொண்டேதான் போவேன். மகளிடம்கூடச் சொல்லவில்லை. அவர் வெட்கப்பட்ட ஆள் அல்லவா. கதைக்காத மனிதரின் ஒரேயொரு வசனம். நான் யாருக்கும் பங்கு கொடுக்க விரும்பவில்லை.

வருடாவருடம் திவசத்துக்கு இவர் போத்தலோடு வருவார். தொழிற்சாலை மூடியபிறகு இவரும் சில வருடம் ஒடென்சேப் பக்கத்தில் தக்காளி வளர்க்கிற கண்ணாடித் தோட்டத்தில் வேலை செய்தார். பிறகு தலைநகருக்குப் பக்கத்து ஹ்விடோவ்ரேக்குப் போய்விட்டார். எங்கே இருந்தாலும் ரெயிலேறி வந்துவிடுவார். படத்துக்கு முன்னால் வைப்பார், சாப்பிடுவார், எடுத்துக்கொண்டு போவார். ஒருமுறை போத்தலை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கழுத்துவரை நின்ற விஸ்கி தோளுக்கு இறங்கியிருந்தது. பச்சைப் பட்டி அறாமல் அப்படியே இருந்தது.

"ஆர் குடிக்கிறது எண்டு நினைக்கிறியள்?" என்றார்.

மகள் பக்கத்தில் நின்றாள். டேனிஷில், அது ஆவியாகிறது, பழைய மூடி காய்ந்து சுருங்கியிருக்கும், சேகரிக்கிற ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள் என்றாள். அவளை வாயை மூடச் சொன்னேன். அவர் சிரித்தபடி, "படிச்ச பிள்ளை, அப்பிடித்தான் சொல்லும்" என்றார். நான் படித்தவளில்லை. என் கணவர் வருகிறார், எடுக்கிறார், என்னை நினைத்துத்தான் எடுக்கிறார் என்று நம்பினேன். அடுத்த வருடம் விஸ்கி இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். இப்போது நினைக்க உடம்பெல்லாம் கூசுகிறது.

போன வருடம் எங்கள் கட்டடத்திலேயே, கீழ் மாடியில் இருக்கிற வதனியின் கணவர் செத்துப்போனார். வதனிக்கு என்னைவிட வயது குறைவு; என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் கணவருக்கும் அதே கண்ணாடித் தோட்டத்தில்தான் வேலை. நல்ல மனிதர்; படியில் கண்டால் தலையை ஆட்டுவார், வாய் திறக்கமாட்டார். எட்டுச்செலவுக்கு நான் உழுந்து வடை சுட்டுத் தட்டோடு கொண்டுபோனேன். படையல் அறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்தப் போத்தல். மஞ்சள் லேபல், கிழிந்த இடது மூலை, பச்சைப் பட்டி, தோளுக்குக் கீழே நின்ற விஸ்கி. வதனியின் கணவரின் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

சத்தியமாக முதலில் எனக்குத் தப்பாக ஒன்றும் தோன்றவில்லை. கூட வேலை செய்த மனிதருக்கு மரியாதைக்காக வைத்திருக்கிறார், என்னை ஒரு சொல் கேட்டிருக்கலாம், பரவாயில்லை என்று நினைத்தேன். கதவைச் சாத்தியபிறகு வதனி என்னைப் படுக்கையறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். முகம் வீங்கியிருந்தது, ஆனால் கண்ணில் ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தை எனக்குத் தெரியும்.

"அக்கா, ஆருக்கும் சொல்லக்கூடாது எண்டவர். உங்களுக்குச் சொல்லாமல் இருக்க ஏலாமல் கிடக்கு. அந்தப் போத்தல் தோட்டத்து முதலாளி இவருக்கும் அண்ணைக்கும் சேர்த்துக் குடுத்ததாம். முதலாளியின்ரை தமையன் கப்பலிலை வேலையாம். அதைக் கையிலை வாங்கிப்போட்டு இவர் என்ன சொன்னவர் தெரியுமே அக்கா? பென்சன் வரைக்கும் நான் இருந்தா அது என்ரை மனிசியாலைதானாம். அவள் இல்லாட்டி..."

"முதல் குளிரோடையே" என்று என் வாய்க்குள் வந்தது. வெளியே விடவில்லை. அவள் சொல்லி முடித்தாள். ஒரு சொல் மாறவில்லை. கம்பளத் தொழிற்சாலை கண்ணாடித் தோட்டமாகியிருந்தது, செஃப் முதலாளியாகியிருந்தார், மிச்சமெல்லாம் அப்படியே. நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அவளுடைய தோளுக்கு மேலால் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முன்னறைக்கு வந்தபோது, போத்தலைக் கொண்டுவந்த மனிதர் வாழையிலை மாதிரி வெட்டிய பச்சைக் கடதாசியில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு, வழக்கம்போல மெல்லத் தலையசைத்தார். நான் சாப்பிடாமல் மேலே என் வீட்டுக்கு ஏறிப் போனேன்.

அந்தக் கிழமை முழுக்க நான் என் வீட்டுக்குள் இருந்த என் கணவரைத் தேடினேன். முட்டைப் பொரியலை ஒருவருக்கும் கொடுக்காத மனிதர், பெடியனின் கையை இழுத்தெடுத்த மனிதர், மகளின் பரிசைச் சொல்லித் திரிந்த மனிதர். ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். கடைசியில் "காணும்" என்று சொன்ன மனிதர் மட்டும் கதிரையில் இருந்தார். செத்த புருஷனை எரித்துச் சாம்பலையும் வாங்கிவிட்டேன். இப்போது வந்து இரண்டாந்தரமும் பறித்துக்கொண்டு போகிறானே என்று நெஞ்சு பற்றி எரிந்தது. ஆம், போகிறானே என்றுதான் நினைத்தேன். மரியாதை அத்தோடு போய்விட்டது.

சனிக்கிழமை ரெயிலேறி ஹ்விடோவ்ரேக்குப் போனேன். நான் வருவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் கேத்திலை வைத்தார். ஒற்றை அறை வீடு. போத்தல் யன்னலோரத் தட்டில் இருந்தது.

"வதனியின்ரை வீட்டிலை கண்டனான்" என்றேன்.

"ஓம். கண்டனீங்கள்."

"எத்தினை வீட்டுக்கு இது போயிருக்கு?"

"சில வீட்டுக்கு."

"செஃப் தந்ததெண்டது?"

"பொய்." தேத்தண்ணியை என் முன்னால் வைத்தார். "ஹேர்னிங்கிலை பழைய சாமான் சந்தையிலை வாங்கினது. ஒரு டேனிஷ் மனிசி, புருஷன் செத்து அவற்றை சாமானெல்லாம் பரப்பி வைச்சிருந்தது. இதைத் தூக்கிப் பாத்தன். 'அவர் ஏதோ ஒரு நாளைக்குத் திறக்க எண்டு அமெரிக்காவாலை வந்தகாலந்தொட்டு வைச்சிருந்தவர், எந்த நாளெண்டு எனக்குச் சொல்லேல்லை' எண்டு சொல்லிச்சுது. சொல்லேக்கை அந்த மனிசியின்ரை முகத்தைப் பாத்தன் தங்கச்சி. அதுக்குப் பிறகு எனக்கு அதைக் குடிக்க மனம் வரேல்லை."

இதையாவது நம்பலாமா என்று தெரியவில்லை. இதையும் அவர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

"எனக்கு அந்தக் கதை வேண்டாம்" என்றேன். "எங்கடை அவர் என்னைப் பற்றி அதைச் சொன்னவரோ இல்லையோ? ஓம் எண்டு சொல்லுங்கோ, இல்லாட்டி இல்லை எண்டு சொல்லுங்கோ."

அவர் தரையைப் பார்த்தார்.

"ஒராள் சொன்னது உண்மை. என்னோடை வேலை செய்த ஒராள், மத்தியானச் சாப்பாட்டு நேரம், தானாச் சொன்னது. நான் கேக்கக்கூட இல்லை. அந்த வசனத்தை நான் கட்டேல்லை."

"ஆர்?"

"அதுதான் தங்கச்சி. ஒவ்வொரு வீட்டிலையும் சொல்லிச் சொல்லி, ஆற்றை வாயாலை வந்ததெண்டு எனக்கே இப்ப பிடிபடேல்லை. உங்கடை ஆளாயும் இருக்கலாம்."

நான் கத்தினேன். ஏழெட்டு வருடமாக முதியவர்களைப் பொறுமையாகக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றுகிறவள், அந்த வயதுபோன மனிதரைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினேன். இல்லை என்றிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். ஓம் என்றிருந்தால் காலில் விழுந்திருப்பேன். இருக்கலாம் என்கிறார். ஒரு வசனத்தைப் பல பெண்களுக்குப் பிய்த்துக் கொடுத்துவிட்டு, சொந்தக்காரி யார் என்று தெரியாதாம்.

நான் கத்தி முடியும்வரை இருந்தார். பிறகு சொன்னார்: "நான் வேலை செய்ததெல்லாம் கதையாத ஆம்பிளையளோடை. அவை செத்த பிறகு அவையின்ரை மனிசிமார் எல்லாரும் என்னட்டைக் கேட்டது ஒண்டுதான். என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ எண்டு. நீங்களும் கேட்டனீங்கள். அந்த நேரத்திலை முகத்தைப் பாத்து இல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"சொல்லியிருக்க வேணும்."

"நீங்களெண்டா சொல்லுவியளோ?"

"சொல்லுவன்" என்றேன்.

போத்தலை எடுத்துச் சீலையில் சுற்றி என் கையில் தர வந்தார். பாதி உங்கள் பங்கு என்றார். எந்தப் பாதி, மேலே ஆவியாகிப்போன பாதியா என்று கேட்டுவிட்டு வெளிக்கிட்டேன். தேத்தண்ணியைத் தொடவில்லை. அதற்குப் பிறகு அவரை நான் காணவில்லை. காண விருப்பமும் இல்லை. அதே நேரம், மண்டபங்களில் சப்பாத்துக் குவியலைத் தாண்டிப் போகும்போது கண் அந்த மூலைக்கு ஒருமுறை போய்த்தான் வருகிறது. அந்தக் கோபமும் எனக்கு என்மேல் உண்டு.

வதனி வீட்டில் முப்பத்தொன்று, முப்பத்தோராம் நாள் சடங்கு, வந்தது. அதற்கு அவர் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டாராம். நான் ஒரு முடிவோடு போனேன். அவளுக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். என்னைப் போல இவளும் வருடக்கணக்காகப் பொய்யோடு குடித்தனம் நடத்தக் கூடாது. இப்போதே சொன்னால் இப்போதே அழுது முடித்துவிடுவாள். ஐயர் போய், ஆட்கள் போய், சாப்பாட்டு மேசையில் நானும் அவளும் மட்டும் இருந்தோம். அவள் எனக்குச் சோறு போட்டாள். அந்த ஒரு மாதத்தில் நன்றாக மெலிந்திருந்தாள், ஆனால் தலையைச் சீவிப் பொட்டு வைத்திருந்தாள். கிழமையில் இரண்டுநாள் வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

"அந்தக் கதை இல்லாட்டி நான் எழும்பியிருக்க மாட்டன் அக்கா" என்றாள். "காலமை காலமை அதைத்தான் நினைச்சுக்கொண்டு எழும்புறன்."

நான் வாயைத் திறந்தேன். உள்ளே எல்லாம் வரிசையாக நின்றது: பழைய சாமான் சந்தை, டேனிஷ் மனிசி, யாரோ ஒராள்.

அவள் முந்திக்கொண்டாள். "அக்கா, குறை நினைக்காதேங்கோ. உங்கடை அவரும் கதையாத ஆள் எண்டு கேள்விப்பட்டனான். உங்களைப் பற்றி எப்பவாவது இப்பிடி ஏதும் சொல்லியிருக்கிறாரோ?"

அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அந்த வசனம் என்னுடையதாகவும் இருக்கலாம். இருக்கலாம் என்ற அந்தச் சொல்லைத் தவிர என் கையில் வேறொன்றும் இல்லை. அதையும் நான் பிடித்து வைத்திருந்தால் இவளுக்கு முழுசாக ஒன்றும் இருக்காது.

"இல்லை" என்றேன். "எங்கடை அவர் ஒண்டும் சொல்லேல்லை."

வதனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கண் நிறைந்துவிட்டது.

"பாவம் அக்கா நீங்கள்" என்றாள். இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள்.